எஞ்சின் மாறினாலும் அம்பாசிடர்தான்

அம்பாசிடரின் பானட்டுக்குள் நிறைய இடம் உண்டு. இரண்டு பக்கமும் முழங்கை வரை கையை விட்டு ஸ்பேனர் திருப்பலாம். ஒல்லியான பையனாக இருந்தால் உள்ளே கால் வைத்து நின்றுகொண்டே வேலை பார்ப்பான். இன்றைய கார்கள் சிலவற்றில் ஹெட்லைட் பல்பு மாற்றவே பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அம்பாசிடரின் நீண்ட ஆயுளில் பாதியை அந்தக் காலி இடம்தான் கொடுத்தது என்பது என் நம்பிக்கை. 1957 முதல் 2014 வரை உற்பத்தியில் இருந்த இந்தக் காரின் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. பானட்டுக்குள் மட்டும் எஞ்சின்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. தொழிற்சாலை மாற்றியது, டாக்சிக்காரர்கள் மாற்றினார்கள், என்னைப் போன்றவர்களும் மாற்றினோம்.

என்னிடம் இருப்பது 1972 மாடல் மார்க் 2. பெரியப்பா பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. அதில் இப்போது ஓடுவது இசுசு எஞ்சின். பழைய கார் பிரியர்கள் பலர் பானட்டைத் திறந்து பார்த்ததும் முகம் வாடுகிறார்கள், "ஒரிஜினல் போயிடுச்சே" என்கிறார்கள். அவர்களுடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் காரின் ஒரிஜினல் எது என்று தேடிப் போனால் கதை இந்தியாவுக்கு வெளியே, அம்பாசிடர் என்ற பெயர் வருவதற்கும் முன்னால் தொடங்குகிறது.

கௌலியின் உடம்பு, லாங்பிரிட்ஜின் எஞ்சின்

இங்கிலாந்தில் மோரிஸ் கார்கள் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலியில் தயாராயின; ஆஸ்டின் கார்கள் பர்மிங்காமை ஒட்டிய லாங்பிரிட்ஜில். பல்லாண்டுகள் போட்டியாளர்களாக இருந்த இரண்டு நிறுவனங்களும் 1952-ல் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. பிஎம்சி என்று நம் மெக்கானிக்குகள் இன்றும் சொல்வது இதைத்தான். இணைந்த பிறகு ஆளுக்கொரு எஞ்சின் செய்வது வீண் செலவு. ஆஸ்டின் வழி வந்த 'பி சீரிஸ்' எஞ்சினே நடுத்தரக் கார்களுக்குப் பொது எஞ்சின் ஆயிற்று. 1954-ல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 2 வெளிவந்தபோது, மோரிஸின் உடம்புக்குள் ஆஸ்டின் குடும்பத்து எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அம்பாசிடரின் நேர் முன்னோரான சீரிஸ் 3-லும் அதே எஞ்சின்தான்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. நான்கு சிலிண்டர். போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர்; மொத்தம் 1489 சிசி. கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். கேம் ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். அங்கிருந்து புஷ் ராடுகள் மேலேறி வால்வுகளைத் திறக்கும். போரைவிட ஸ்ட்ரோக் நீளமாக இருப்பதால் அதிக வேகத்தில் சுற்றப் பிடிக்காது. அதற்குப் பதிலாகக் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும். ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்துக்கொண்டு, இரண்டாவது கியரில் மலையேறிய அம்பாசிடர்களின் ரகசியம் அந்த நீண்ட ஸ்ட்ரோக்தான். அதே 1489 சிசி எஞ்சினுக்கு இரட்டை கார்புரேட்டர் பூட்டி 1955-ல் எம்ஜி ஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். ஊட்டி டாக்சி ஸ்டாண்டில் நின்ற வண்டியும், உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் ஆசையோடு வாங்கும் அந்த இரண்டு சீட் காரும் எஞ்சின் வழியில் உடன்பிறப்புகள்.

இந்தியாவுக்கு அந்த எஞ்சின் உடம்போடு சேர்ந்து வரவில்லை. 1942-ல் பி.எம். பிர்லா குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-ல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. 1954-ல் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 2-ஐ 'லேண்ட்மாஸ்டர்' என்ற பெயரில் வெளியிட்டபோது, தங்களுடைய முந்தைய காரில் பழகியிருந்த 1476 சிசி சைடு வால்வு எஞ்சினையே அதில் வைத்தார்கள். 1957-ல் வந்த அம்பாசிடரும் அந்தப் பழைய எஞ்சினோடுதான் பிறந்தது. 1959-ல்தான் 55 குதிரைத்திறன் கொண்ட 1489 சிசி எஞ்சின் உள்ளே வந்தது. நாம் ஒரிஜினல் என்று கொண்டாடும் எஞ்சினே அம்பாசிடரின் இரண்டாவது எஞ்சின்.

ஒரே எஞ்சின், இரண்டு நாடுகள்

இதே எஞ்சின் அதே ஆண்டுகளில் இன்னொரு நாட்டுக்கும் போனது. 1952-ல் ஜப்பானின் நிசான், ஆஸ்டினோடு ஒப்பந்தம் போட்டது. முதலில் ஏ40 சாமர்செட், பிறகு ஏ50 கேம்பிரிட்ஜ் கார்களை அங்கே கூட்டினார்கள். ஏ50-க்குள் இருந்தது நம்முடைய 1489 சிசி பி சீரிஸ். படிப்படியாகப் பாகங்களை எல்லாம் தாங்களே செய்யக் கற்ற பிறகு, தங்களுக்கென்று ஒரு சிறிய காருக்கு எஞ்சின் வேண்டும் என்று யோசித்தார்கள். அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த டொனால்ட் ஸ்டோன் என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார். கையிலிருக்கும் ஆஸ்டின் எஞ்சினின் ஸ்ட்ரோக்கைக் குறைத்தால் போதும், புதிய எஞ்சின் கிடைத்துவிடும் என்றார். 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் 59 மில்லிமீட்டர் ஆயிற்று. எஞ்சின் 988 சிசி ஆயிற்று. 1957-ல் அதோடு வந்த நிசானின் டாட்சன் கார், அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவைச் சுற்றும் கடுமையான ராலியில் தன் பிரிவில் வென்றது. நிசான் என்ற பெயரை உலகம் கவனிக்கத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

இசுசுவின் கதையும் அதே காலத்தது. அவர்கள் 1953-ல் பிரிட்டனின் ரூட்ஸ் குழுமத்தோடு சேர்ந்து ஹில்மன் மிங்க்ஸ் காரைக் கூட்டத் தொடங்கினார்கள். 1957-க்குள் அதன் எல்லாப் பாகங்களும் ஜப்பானிலேயே தயாராயின. அந்த அனுபவத்தில் கால் ஊன்றித்தான் தங்கள் சொந்தக் கார்களுக்கும் எஞ்சின்களுக்கும் போனார்கள்.

நாமும் அதே ஆண்டுகளில், அதே பிரிட்டிஷ் வரைபடங்களோடு புறப்பட்டோம். உத்தர்பாராவில் வார்ப்புச் சாலையும் ஃபோர்ஜிங்கும் இருந்தன, திறமையான தொழிலாளர்கள் இருந்தார்கள். சென்னை பாடியில் 1961 முதல் லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டரும் டைனமோவும் செய்துகொண்டிருந்தது. கையில் கலை இருந்தும் எஞ்சினை அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. கார் கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசின் உரிமம் தீர்மானித்தது. வெளிநாட்டுக் கார் உள்ளே வர முடியாது. செய்த வண்டி எல்லாம் விற்கும்போது ஸ்ட்ரோக்கைக் குறைப்பதா கூட்டுவதா என்று யார் உட்கார்ந்து யோசிப்பார்கள்? எனக்கு இதில் இன்றும் ஆறாத வருத்தம் உண்டு.

டீசல் வந்த நாட்கள்

1973-ல் எண்ணெய் விலை உலகமெங்கும் ஏறியது. பெட்ரோல் அம்பாசிடரை வைத்து வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் கணக்காயிற்று. 1980 வாக்கில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பி சீரிஸின் டீசல் வடிவத்தை மார்க் 4-ல் வைத்து விற்றது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அதுதான். 37 குதிரைத்திறன், ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்துவதற்குத் தைரியம் வேண்டும். ஆனால் டீசல் மலிவு, மைலேஜ் அதிகம்.

புது டீசல் வண்டி வாங்க முடியாதவர்கள் பழைய பெட்ரோல் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அந்தக் காலத்தில் அதிகம் பேசப்பட்டது மெட்டடோர் எஞ்சின். புனேயின் பஜாஜ் டெம்போ தன் மெட்டடோர் வேனுக்காக மெர்சிடிஸ் பென்ஸிடம் உரிமம் வாங்கிச் செய்த 2.4 லிட்டர் டீசல் அது. அதை அம்பாசிடருக்குள் இறக்கிவிட்டால் இழுவைக்குக் குறைவே இல்லை. சிக்னலில் நிற்கும்போது கதவும் கண்ணாடியும் சேர்ந்து ஆடும், முன்பக்கம் பாரத்தில் தாழ்ந்து நிற்கும், டார்ஷன் பாரைத் திருகி உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். இருந்தாலும் அந்த வண்டிகள் கல்யாணங்களுக்கும் சபரிமலைக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் ஓடின. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. பழைய கார்களின் வரலாற்றை எழுதும்போது இந்த மாற்றங்களைக் கெடுத்த கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. அந்த எஞ்சின்கள் ஏறியிருக்காவிட்டால் அவற்றில் பல வண்டிகள் 1980-களிலேயே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இசுசு இந்தியாவுக்கு வந்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு கார் வழியாக. 1984-ல் வந்த கான்டெசாவுக்கு முதலில் அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினையே வைத்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பை அதனால் இழுக்க முடியவில்லை. பிறகு இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் எஞ்சினை வைத்தார்கள், கார் நிமிர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதே எஞ்சின் அம்பாசிடருக்குள் வந்து 'அம்பாசிடர் 1800 ஐஎஸ்இசட்' ஆயிற்று. 75 குதிரைத்திறன், கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே, ஐந்து கியர் பெட்டி. ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் தடி தரைக்கு வந்தது. பிரிட்டிஷ் காரைக் கூட்டித் தொழில் கற்ற ஜப்பானிய நிறுவனம், நாற்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு பிரிட்டிஷ் காரின் உடம்புக்கு உயிர் கொடுத்தது.

பட்டறையில்

பெரியப்பாவின் வண்டியில் இருந்த பிளாக்கைப் பல தடவை போர் அடித்தாயிற்று. நாற்பது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய பிஸ்டன் வரை ஏற்றியிருந்தார்கள். கடைசியில் தண்ணீர் ஓடும் ஜாக்கெட் பக்கம் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்தது. பூசிப் பார்த்தும் நிற்கவில்லை. வேறு பி சீரிஸ் பிளாக் தேடினேன். கிடைத்தவை என்னுடையதைவிட மோசமாக இருந்தன. கோவையில் ஒரு பட்டறையில் விட்டேன். லேத்தும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர். ஒரு புஷ் வேண்டும் என்றால் சாயங்காலத்துக்குள் கடைந்து கையில் கொடுத்துவிடுவார்கள். இசுசு போடலாம் என்று முடிவானதும் மேஸ்திரி முதலில் சொன்னது இதுதான்:

"தம்பி, எஞ்சினை மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க. கியர்பாக்ஸு, மவுண்டிங்கு, ரேடியேட்டரு, ஒயரிங்கு, புரொப்பல்லர் சாஃப்ட்டு எல்லாம் ஒரே வண்டியில இருந்து வரோணும்."

"எதுக்குங்கண்ணா? மவுண்டிங் இங்கயே வெல்டு பண்ணிக்கலாமுங்களே?"

"பண்ணலாமுங்க. ஆனா கம்பெனிக்காரன் ரோட்டுல ஓட்டிப் பாத்துப் பாத்து வெச்ச அளவு நம்ம டேப்புல வராதுங்க."

அந்த ஒரு பேச்சில் முழுப் பாடமும் இருக்கிறது. எந்த எஞ்சினையும் எந்தக் காரிலும் திணித்துவிடலாம். வெல்டிங் ராடு இருந்தால் போதும். நல்ல மாற்றம் என்பது அந்த உடம்பில் தொழிற்சாலையே ஏற்கெனவே செய்து பார்த்த மாற்றம். 1800-ம் என் மார்க் 2-வும் அடிப்படையில் ஒரே உடம்பு. இடித்து நசுங்கிப் பதிவு ரத்தான ஒரு 1800-ஐ, பில்லோடும் காகிதங்களோடும் வாங்கினோம்.

பானட்டைக் கழற்றி, ரேடியேட்டரை வெளியே எடுத்து, செயின் பிளாக்கை மாட்டியதும் பழைய எஞ்சின் மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக எழுந்தது. அதைக் கழற்றிய ஸ்பேனர்கள் எல்லாம் இன்ச் அளவு. புதிதாக ஏறியதற்கு எல்லாம் மில்லிமீட்டர் அளவு. என் டிக்கியில் இப்போது இரண்டு செட் ஸ்பேனரும் இருக்கின்றன. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தது. கியர் தடிக்காகத் தரையில் துளை வெட்டினோம். முன் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து போன காலம் அதோடு முடிந்தது. நடுவில் உட்கார்பவரின் முழங்காலுக்கு இனி இடமில்லை. எஞ்சின் மாற்றத்தில் நான் இழந்தவற்றில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான். அந்த நடு இடம் பெரியம்மாவுடையது.

எஞ்சின் உட்கார்ந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மேஸ்திரி அதற்குப் பிறகுதான் நிதானமாக வேலையைத் தொடங்கினார். புரொப்பல்லர் ஷாஃப்டின் முன்முனையில் கியர்பாக்ஸ், பின்முனையில் டிஃபரன்ஷியல். இரண்டு முனையிலும் உள்ள ஜாயின்டுகளின் கோணம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரு டிகிரி இரண்டு டிகிரி பிசகினாலும் குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிரும். நாளாக நாளாக ஜாயின்ட் தேயும், கியர்பாக்ஸின் ஆயில் சீல் போகும். வண்டியை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரமும் பாரம் தாங்கி நிற்கும்படி வைத்து, கோணமானியால் முன்னும் பின்னும் அளந்தார். கியர்பாக்ஸ் மவுண்டிங்குக்கு அடியில் தகடு ஒன்றை வைத்தார். ஓட்டிப் பார்த்தோம், அறுபதைத் தொடும்போது இருக்கையில் மெல்லிய அதிர்வு. திரும்பி வந்து தகட்டைக் கொஞ்சம் மெலிதாக்கினார். அடுத்த ஓட்டத்தில் அதிர்வு இல்லை.

பிரேக்கிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 55 குதிரைக்கு வைத்த டிரம் பிரேக்கை நம்பி 75 குதிரையை ஓட்டக் கூடாது என்பது அவர் கட்சி. பிந்தைய அம்பாசிடர்களில் வந்த முன்சக்கர டிஸ்க்கையும் பூஸ்டரையும் மாட்டிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார். எஞ்சினுக்குச் செலவழிக்க முன்வரும் பலர் பிரேக் என்றதும் கையை மடக்குகிறார்கள். நிற்கும் சக்தி கூடாமல் ஓடும் சக்தியைக் கூட்டுவது நம் உயிரை மட்டுமல்ல, எதிரே வருபவரின் உயிரையும் பணயம் வைப்பது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் பர்லியாற்றில் நிறுத்தி, பானட்டைத் திறந்து ரேடியேட்டர் ஆறட்டும் என்று காத்திருப்பது பெரியப்பா காலத்து வழக்கம். இப்போது பர்லியாற்றில் டீ குடிக்க மட்டும் நிற்கிறோம்.

காகிதமும் கடமையும்

காரின் எஞ்சின் எண் ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே எஞ்சினை மாற்றினால் பதிவும் மாற வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்கானது. பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். மாற்றியபின் 14 நாட்களுக்குள் தெரிவித்துப் புதிய விவரத்தை ஏற்ற வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான காகிதம் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. பழைய மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும் பில் இல்லாத எஞ்சினைத் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் ஓட்டும் நாளெல்லாம் பயந்துகொண்டே ஓட்ட வேண்டும். விபத்து நடந்தால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம்.

இன்னொரு விலையும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகள் 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். ஆனால் சேசிஸ், உடம்பு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. என் வண்டிக்கு வயது இருக்கிறது, அந்தத் தகுதி இல்லை. அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். பிறந்த நாளில் இருந்தபடியே சில அம்பாசிடர்கள் நாட்டில் இருக்க வேண்டும். அடுத்த தலைமுறை ஒரு 1489 சிசி எஞ்சினின் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும்.

ஆகவே என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். உங்கள் காரில் பிறந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், சரிசெய்ய முடிந்தால், அதைத் தொடாதீர்கள். ஸ்லீவ் போடுங்கள், கிராங்க்கைக் கிரைண்ட் செய்யுங்கள், மெதுவாக ஓட்டுங்கள். சரிசெய்யவே முடியாது என்ற நிலையில் மாற்றினால், அந்தக் காருக்குத் தொழிற்சாலையே ஒருமுறை கொடுத்துப் பார்த்த எஞ்சினைத் தேடுங்கள். எதை வெட்டினாலும் அடுத்த சொந்தக்காரர் திரும்பப் பொருத்தும்படி வெட்டுங்கள். கழற்றிய எஞ்சினை விற்காதீர்கள். என்னுடைய பழைய எஞ்சின் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. தரையில் வெட்டிய தகடும் அதோடு இருக்கிறது. நாளைக்கு வார்ப்பிரும்பு விரிசலை நம்பிக்கையாக ஒட்டும் கைகாரர் கிடைத்தால் அது மறுபடியும் ஏறும்.

2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை மூடப்பட்டது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயர் வேறொரு நாட்டுக்குப் போனது. உடம்பு இன்னும் நம் ஊர்களில் ஓடுகிறது. அந்த உடம்புக்குள் அடுத்து மின்மோட்டாரும் வரலாம். அதே 52-வது பிரிவு பேட்டரியில் ஓடும்படி மாற்றுவதற்கும் விதிகளுக்கு உட்பட்டு இடம் தருகிறது. சைடு வால்வு, பி சீரிஸ், டீசல், இசுசு என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த கார் அதற்கும் இடம் கொடுக்கும். எது ஏறினாலும் ஒழுங்காக ஏற வேண்டும், காகிதத்தோடு ஏற வேண்டும், திரும்ப இறக்கும் வழியோடு ஏற வேண்டும். அப்படி ஏறிய எந்த எஞ்சினும் அம்பாசிடரின் எஞ்சின்தான்.